அடுத்த வண்டி ராத்திரிக்குத்தான்!

காலை ஆறு மணி. தென் மாவட்டத்து ரயில்ல இருந்து தாம்பரத்துல இறங்கி நிக்கறீங்க. தோள்ல ஒரு பை, கையில ஒரு பை, கண்ணுல பாதித் தூக்கம். அடுத்து பிடிக்க வேண்டிய வண்டி சென்ட்ரல்ல இருந்து... சாயங்காலம் ஏழு மணி வாக்குல. நடுவுல முழுசா பதிமூணு மணி நேரம். என்ன பண்ணுவீங்க?

விமானத்துல போறவங்களுக்கு இதுக்கு ஸ்டைலா ஒரு பேரு இருக்கு... 'லேஓவர்'! சிங்கப்பூர்ல எட்டு மணி நேரம், துபாய்ல பத்து மணி நேரம்னு ஊரைச் சுத்திட்டு போட்டோ போடுவாங்க. நமக்கு? சென்ட்ரல் வெயிட்டிங் ஹால், செய்தித்தாள் விரிப்பு, செருப்பு தலைக்கு. மிஞ்சிப் போனா மெரினாவுக்கு ஒரு நடை, அங்க ஒரு சுண்டல். அதானே?

எங்க கதையும் அப்படித்தான் ஆகியிருக்கும். நானும் என் நண்பனும் கொல்கத்தாவுல ஒரு காலேஜ் போட்டிக்கு எங்க புராஜெக்டைத் தூக்கிட்டுக் கிளம்பினோம். நான் இ.இ.இ., அவன் மெக்கானிக்கல். தென்காசிப் பக்கம் ராத்திரி ரயில் ஏறி, விடியறப்போ தாம்பரம். "எலே, நேரா சென்ட்ரலுக்குப் போயி படுத்துருவோம்லே"ன்னான். நான்தான் அடம் பிடிச்சேன். மூணு வருஷமா லீவுக்கு வர்றப்போவும் போறப்போவும் தாம்பரத்தை ஜன்னல் வழியா மட்டுமே பாத்திருக்கேன். "இறங்கணுமா, தாம்பரத்துல இறங்கிரு"ன்னு ஊர்ல சொல்வாங்களே தவிர, "தாம்பரத்தைப் பாரு"ன்னு ஒருத்தரும் சொன்னதில்ல. அன்னைக்குப் பாத்துர்றதுன்னு முடிவு பண்ணினேன்.

பிளான் ரொம்ப சிம்பிள் பாஸ். தாம்பரத்துல ஆரம்பிச்சு, மின்சார ரயில்லயே வடக்கே வரணும். தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை. பரங்கிமலையில இருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோ இருக்கு. ஆக, சுத்தினதும் ஆச்சு, போக வேண்டிய பக்கம் போனதும் ஆச்சு. டிக்கெட் செலவு? ஒரு பிரியாணி காசுல பாதி தேறாது!

இந்த மின்சார ரயிலுக்கே ஒரு வரலாறு இருக்கு. பீச்சுல இருந்து தாம்பரம் வரைக்கும் 1931-லயே கரன்ட்ல ஓட ஆரம்பிச்சாச்சு. நம்ம தாத்தா காலத்துல இருந்து 2004 வரைக்கும் குட்டியூண்டு மீட்டர் கேஜ் பெட்டிதான். இ.இ.இ. பையனான நான் இதை அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்னா வெட்கமாத்தான் இருக்கு!

கிழக்குத் தாம்பரம் பக்கம் இறங்கி ஒரு டீ அடிச்சீங்கன்னா, கொஞ்ச தூரத்துல மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். 1937-ல பாரிமுனைப் பக்கத்து நெரிசல்ல இருந்து இங்க குடிமாறி வந்த காலேஜ். ஏறக்குறைய 365 ஏக்கர் காடு, நடுவுல கிளாஸ் ரூம், புள்ளிமான் வேற. நினைச்ச நேரத்துக்கு உள்ளே விட மாட்டாங்க, அனுமதி வேணும். உள்ளே யாராவது ஃப்ரெண்ட் இருந்தா முதல் நாளே சொல்லி வெச்சிருங்க. எங்களுக்கு யாரும் இல்ல. வாசல்ல நின்னு அந்த மரங்களைப் பாத்துப் பெருமூச்சு விட்டுட்டு வந்தோம். எங்க காலேஜ்ல இருக்கறது மொத்தம் பதினோரு வேப்ப மரம்... எண்ணியிருக்கேன்!

அடுத்த ஸ்டேஷன் பேரே 'தாம்பரம் சானடோரியம்'. 1928-ல டேவிட் சௌரி முத்துங்கற டாக்டர் காசநோய்க்காரங்களுக்காக இங்க ஆரம்பிச்ச ஆசுபத்திரிதான் அந்த சானடோரியம். அந்தக் காலத்துல காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காத்து, வெயில், ஓய்வு... இது மூணும்தான் வைத்தியம். பட்டணத்துக்கு வெளியே மலையும் காடுமா இருந்த இந்த இடத்தை அந்தக் காத்துக்காகத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க. இன்னைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுல நின்னு ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க... பஸ் புகைதான்! ஆசுபத்திரி மட்டும் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையா இன்னும் அங்கேயே நிக்குது. அடுத்து குரோம்பேட்டை. குரோம் லெதர்னு ஒரு தோல் கம்பெனி இருந்ததால வந்த பேரு. கெமிஸ்ட்ரி புக்குல படிக்கிற குரோமியம்தான் சாமி! இதை ரயில்லயே சொல்லிட்டு வந்தேன். நண்பன் தூங்கிட்டான்.

பல்லாவரத்துல அவனை உலுக்கி எழுப்பினேன். இங்கதான் எங்க நாள் உண்மையிலேயே ஆரம்பிச்சது.

நாங்க போனது வெள்ளிக்கிழமை. நீங்களும் முடிஞ்சா வெள்ளிக்கிழமையாப் பாத்துப் போங்க. ஏன்னா, அன்னைக்குத்தான் பல்லாவரம் சந்தை. பழைய டிரங்க் ரோட்டுல, வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டி, ஒரு ஊரே கடை விரிச்சிருக்கும். காய்கறி, கருவாடு, ரோஜாச்செடி, லவ் பேர்ட்ஸ், கோழிக்குஞ்சு... இதெல்லாம் எந்தச் சந்தையிலயும் இருக்கும். இங்க ஸ்பெஷல் பழைய சாமான். கை ஒடிஞ்ச நாற்காலி, டயல் போட்ட போன், டேப் ரெக்கார்டர், ஒத்தைக்கால் ஷூ (ஆமாங்க, ஒத்தைக்கால்தான்!), மிக்ஸி மோட்டார், கம்ப்யூட்டர் உள்ளுறுப்பு எல்லாம் தனித்தனியா குவியல் போட்டுக் கிடக்கு. எங்க காலேஜ் லேப்ல இல்லாத பாதி ஐட்டத்தை அந்த ரோட்டுல பாத்தேன்னா நம்பணும்.

அங்க வெச்சுத்தான் நண்பன் திடீர்னு வெளிறிப்போய் நின்னான். "எலே... அடாப்டர்!" எங்க புராஜெக்ட் ஓடுறதுக்கான 12 வோல்ட் அடாப்டரை, வீட்டு ஸ்விட்ச் போர்டுலயே தொங்க விட்டுட்டு வந்திருக்கான். அது இல்லாம கொல்கத்தா போனா எங்க புராஜெக்ட் வெறும் பெட்டி. ஆறு மாச உழைப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு... வேண்டாம், இதெல்லாம் பத்திரிகையில எழுதக் கூடாது.

சந்தையில அடாப்டர் குவியல் மட்டும் நாலு கடையில இருந்தது. மூணாவது கடையில உக்காந்திருந்த பெரியவர், நாங்க சொன்ன வோல்ட்டு, ஆம்பியர் எல்லாம் கேட்டுட்டு, கண்ணாடியைக்கூடப் போடாம குவியலுக்குள்ள கையை விட்டு ஒண்ணை எடுத்தார். பக்கத்துல பேட்டரியில ஓடுற இன்வெர்ட்டர் வெச்சிருந்தார். அதுல சொருகி, மீட்டர் வெச்சுக் காட்டினார். 12.1 வோல்ட்! "நூத்தம்பது ரூபா." நண்பன் எண்பதுக்குப் பேரம் பேசினான். "படிக்கிற பசங்களா? சரி, தொண்ணூறு குடு"ன்னுட்டார். சென்ட்ரல் வெயிட்டிங் ஹால்ல படுத்திருந்தா இது கிடைச்சிருக்குமா? அப்போதிலிருந்து நண்பன் வாயே திறக்கல. நான் எங்க கூப்பிட்டாலும் வந்தான்!

முதல்ல மலைக்குப் போனோம். 'தர்கா ரோடு'ன்னு கேட்டா யாரும் வழி சொல்வாங்க. செருப்பைக் கழட்டிட்டு, தலையில கைக்குட்டையைக் கட்டிக்கிட்டு உள்ளே போனா, தர்கா இருக்கறது ஒரு குடைவரைக்குள்ள. பாறையைக் குடைஞ்சு, தூண் நிறுத்தி, உள்ளே அஞ்சு அறை. குடைஞ்சவர் முதலாம் மகேந்திரவர்ம பல்லவர், ஏழாம் நூற்றாண்டு. தூணுக்கு மேல உத்தரத்துல அவரோட பட்டப்பேர்களை வெட்டி வெச்சிருக்காங்க. மாமல்லபுரம் போற கூட்டத்துல நூத்துல ஒரு பங்குகூட இங்க வர்றதில்ல. ஆனா, இது மாமல்லபுரத்துக்கும் மூத்தது. பல்லவர் கட்டின இடத்துல பாத்தியா ஓதிட்டு இருந்தாங்க. ஓரமா ரெண்டு குழந்தை தூங்குது. அவ்ளோ வெயில்லயும் உள்ளே ஜில்லுனு இருந்தது.

பல்லவரோட இன்னும் பழைய ஆள் ஒருத்தர் இந்த ஊர்ல இருந்திருக்கார். பேரு தெரியாது. ஆயிரம் வருஷமில்ல, லட்சம் வருஷக் கணக்கு. 1863 மே 30-ம் தேதி, ராபர்ட் புரூஸ் ஃபூட்ங்கற புவியியல் ஆய்வாளர் பல்லாவரத்துல, ராணுவ மைதானத்துக்குப் பக்கத்துல சரளைக்கல் தோண்டின ஒரு குழியில ஒரு கல்லைப் பாத்தார். சாதாரணக் கல் இல்ல... மனுஷன் கையால செதுக்கின கல் கருவி. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்கு முதல் சாட்சி இந்தப் பல்லாவரத்துக் கல்தான்! அதே வருஷம் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துலயும் அவரும் கூட்டாளியும் இன்னும் கருவிகளைக் கண்டுபிடிச்சாங்க. அந்த அத்திரம்பாக்கத்துக் கருவிகளோட வயசு பதினஞ்சு லட்சம் வருஷம் வரைக்கும் போகலாம்னு 2011-ல ஆய்வு வெளியாச்சு. ஃபூட் சேகரிச்சதெல்லாம் இப்ப எழும்பூர் மியூசியத்துல இருக்கு.

அந்தக் குழி எங்கேன்னு பாக்கணும்னு எனக்கு வெறி. கன்டோன்மென்ட் பக்கம் அஞ்சு பேரை விசாரிச்சோம். "எந்தக் கல்லு தம்பி? குவாரி கல்லா?"ன்னார் ஆட்டோக்காரர். "மியூசியமா? இங்க இல்லியே, எழும்பூர் போங்க"ன்னார் பெட்டிக்கடைக்காரர். ராணுவ காம்பவுண்டு சுவர், அபார்ட்மென்ட் போர்டு, கோச்சிங் சென்டர் போஸ்டர்... நாங்க சுத்தின ஒரு மணி நேரத்துல 'இங்கதான்'னு சொல்ற ஒரு பலகைகூட கண்ணுல படல. கோயிலுக்கு ஆர்ச் வைக்கிறோம், தலைவருக்கு ஆர்ச் வைக்கிறோம். இந்த நாட்டோட முதல் மனுஷன் தடயம் கிடைச்ச ஊருக்கு ஒரு அம்புக்குறி வெச்சா குறைஞ்சா போயிரும்?

எனக்கு மூஞ்சி தொங்கிப்போச்சு. ஆறுதலுக்கு நண்பன் ஆளுக்கு ரெண்டு பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

அடுத்த ஸ்டேஷன் திரிசூலம். ஏர்போர்ட்டுக்கு நேர் எதிர். நிஜ 'லேஓவர்'காரங்களே... உங்களுக்கும் இது பொருந்தும். சுரங்கப்பாதையில ரோட்டைக் கடந்தா நீங்களும் நாங்களும் ஒரே ரயில்! ஸ்டேஷனுக்குப் பின்னால நடந்தா திரிசூலநாதர் கோயில், சோழர் காலத்தது. நாங்க போனப்போ நடை சாத்தியிருந்தது. அதனால கோயிலைச் சுத்தி இருக்கற மலையைப் பாத்தோம். மலைன்னா... மலையில மிச்சம் இருக்கறதை. ஒரு பக்கம் பச்சை, மறு பக்கம் கத்தியால கேக் வெட்டின மாதிரி நேரா இறங்குது. கீழே குழி, குழிக்குள்ள கரும்பச்சைத் தண்ணி. எல்லாம் பழைய கல் குவாரி. தயவுசெஞ்சு குளிக்க இறங்கிடாதீங்க. விளிம்புல இருந்து ரெண்டடி எடுத்து வெச்சா ஆழம் எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது.

டீக்கடையில ஒரு தாத்தா பேச்சுக் கொடுத்தார். இளவயசுல இதே குவாரியில கல் உடைச்சவராம். கைவிரல் ரெண்டு முழுசா மடங்கல. "மெட்ராஸ்ல எத்தினி வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டிருக்காங்க, எத்தினி ரோட்டுக்கு ஜல்லி கொட்டிருக்காங்க... எல்லாம் எங்கேந்து வந்துச்சின்னு நெனச்ச? மலை அப்படியே லாரியில ஏறிப் போச்சி கண்ணு"ன்னார். அப்புறம் எங்க பையைப் பாத்து, "நீங்க இன்னா படிக்கிறீங்க?" "இன்ஜினீயரிங் தாத்தா." "அப்ப நீங்களும் கல்லு கேப்பீங்க"ன்னு சிரிச்சார். என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நாங்களும் சிரிச்சு வெச்சோம். டீக்குக் காசு அவரே கொடுத்துட்டார்.

இந்தக் கல்லைப் பத்தி ஒரு விஷயம் சொன்னா நம்புவீங்களா? இதுக்குப் பேரு சார்னகைட். உலகத்துல எந்த ஜியாலஜி புக்கைத் திறந்தாலும் இந்தப் பேரு இருக்கும். தாமஸ் ஹாலண்ட்ங்கற புவியியலாளர் 1893-ல பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துப் பாறையை வெச்சுக் கொடுத்த பேரு. பல்லாவரம்னே வெச்சிருக்கலாம். ஆனா அவர் வெச்சது, கல்கத்தாவுல ஆங்கிலேயர் குடியிருப்பை ஆரம்பிச்ச ஜாப் சார்னாக் பேரை. ஏன்? கல்கத்தாவுல சார்னாக் கல்லறை மேல இருக்கற பலகை இந்தக் கல்தான்! முந்நூறு வருஷத்துக்கு முன்னால கடல் வழியாப் போன நம்ம ஊர்க் கல். (ஃபூட் கண்டெடுத்த கருவி இந்தக் கல் இல்ல, அது குவார்ட்சைட். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.) நாங்க அன்னைக்கு ராத்திரி ஏறப் போறதே கொல்கத்தா வண்டி! நண்பன்கிட்ட சொன்னேன். "நாமளாவது ரிசர்வேஷன்ல போறோம்லே"ன்னான்.

மணி மூணரை. பரங்கிமலை. ஸ்டேஷன்ல இருந்து ஷேர் ஆட்டோ, அப்புறம் படி. நூத்தி முப்பதுக்கு மேல படிங்க. பெட்ரஸ் உஸ்கான்ங்கற அர்மீனிய வணிகர் 18-ம் நூற்றாண்டுல கட்டிக் கொடுத்தது. முதுகுல பத்து கிலோ புராஜெக்டோட ஏறினப்போ ஒவ்வொரு படியிலயும் அவரை நினைச்சுக்கிட்டேன்! உச்சியில போர்ச்சுகீசியர் 1523-ல கட்டின சர்ச். உள்ளே ஒரு பழங்காலக் கல் சிலுவை, பாரசீகத்துப் பஹ்லவி எழுத்தோட. புனித தோமையார் உயிர்விட்ட மலைன்னு நம்பிக்கை. வெளியே வந்து சுவரோரமா நின்னா... ஏர்போர்ட் ரன்வே முழுசா காலுக்குக் கீழே! விமானம் இறங்கறதை மேல இருந்து பாக்கற அனுபவம் காசு கொடுத்தாலும் கிடைக்காது.

ஆனா, நீங்க பாக்க வேண்டியது தென்கிழக்கே. 1802 ஏப்ரல் 10-ம் தேதி, வில்லியம் லாம்டன்ங்கற ராணுவ அதிகாரி இந்த மலைக்குப் பக்கத்துல இருந்து பெரும்பாக்கம் குன்று வரைக்கும் ஒரு நேர்கோட்டை அளக்க ஆரம்பிச்சார். நீளம் ஏழரை மைல். கருவி, நூறு அடி எஃகுச் சங்கிலி. நானே கணக்குப் போட்டேன்... ஏறக்குறைய நானூறு தடவை சங்கிலியைக் கிடத்தணும். ஏப்ரல், மே வெயில்ல! வெயில்ல எஃகு நீளும் இல்லியா? அதனால சங்கிலியை மரப்பெட்டிக்குள்ள வெச்சு, பக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சு, சூட்டுக்குத் தக்கபடி கணக்கைத் திருத்தித் திருத்தி அளந்திருக்காங்க. இந்த ஒரு கோட்டுல இருந்து முக்கோணம் முக்கோணமா வளர்ந்துதான் இந்தியா முழுக்க அளந்தாங்க. அந்த வேலை நடந்து நடந்து இமயமலைக்குப் போய், எவரெஸ்ட் உயரத்தைக் கணக்குப் போட்டது. சிவில் ஃப்ரெண்ட்ஸ்... செயின் சர்வே லேபைக் கட் அடிக்கறவங்க ஒரு தடவை இந்த மலைக்கு வந்துட்டுப் போங்க!

லாம்டன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததுக்குக் காரணம், பாதையில எதுவும் இல்லாத தட்டையான சமவெளி. இப்ப? மலை மேல இருந்து பாத்தா வீடு, வீடு, வீடு, அதுக்குப் பின்னால கண்ணாடி ஐ.டி. கட்டடங்க. நடுவுல எங்கியோ பள்ளிக்கரணை சதுப்பு நிலம். மழைத் தண்ணி வந்து உக்கார்ற இடம். 2022-ல ராம்சார் பட்டியல்ல சேத்தாங்க, 1,247 ஹெக்டேர். ஒரு காலத்துல இதைப்போலப் பல மடங்கு இருந்துச்சு. கோட்டோட தெற்கு முனையான பெரும்பாக்கத்துல, நகரத்துக்குள்ள இருந்து இடம் மாத்தி அனுப்பப்பட்ட மக்களோட அடுக்குமாடிகள் வரிசையா நிக்குது. தண்ணிக்கும் இடம் இல்ல, அவங்களுக்கும் ஊருக்குள்ள இடம் இல்ல. 2015 டிசம்பர் 1-ம் தேதி தொடங்கி மறுநாள் காலை வரைக்கும் தாம்பரத்துல 49 செ.மீ. மழை கொட்டுச்சே... அந்தத் தண்ணி முடிச்சூர்ல மாடி வரைக்கும் ஏறினது ஏன்னு பாடப் புத்தகம் இல்லாமலே இந்த மலையில நின்னா புரியும்.

"அடுத்த வருஷம் கேம்பஸ்ல எனக்குக் கிடைச்சா அங்கதான் எங்கியோ ஒரு கண்ணாடிக் கட்டடத்துல உக்காருவேன்"ன்னான் நண்பன், அந்தத் திசையைக் காட்டி. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதுக்கு அடியில இருக்கறது குளமான்னு ஆஃபர் லெட்டர்ல போட மாட்டாங்கல்ல?"ன்னு கேட்டான். ஜோக்கா கேட்டானா, நிஜமாவா... இன்னைக்கு வரைக்கும் தெரியல.

அஞ்சு மணிக்கு மேல அங்க நிக்காதீங்க. நாங்க நின்னுட்டோம். இறங்கி, ஆட்டோ கிடைக்காம பாதி தூரம் ஓடி, மெட்ரோ ஏறி, சென்ட்ரல்ல அவ்ளோ பெரிய பிளாட்பாரத்துல எங்க கோச்சைத் தேடி ஏறினப்போ வண்டி கிளம்ப நாலு நிமிஷம்தான் பாக்கி. பையில ஒரு கையும் நெஞ்சுல ஒரு கையுமா உக்காந்து, முதல் வேலையா அடாப்டர் இருக்கான்னு பாத்தோம். இருந்தது.

கொல்கத்தாவுல பரிசு கிடைச்சுதான்னு கேக்காதீங்க, ப்ளீஸ். ஆனா தொண்ணூறு ரூபா அடாப்டர் ரெண்டு நாளும் சூடேறாம ஓடுச்சு. கிளம்பற அன்னைக்குக் காலையில நண்பனை இழுத்துக்கிட்டு செயின்ட் ஜான்ஸ் சர்ச்சுக்குப் போனேன். மரத்தடியில எட்டுப் பட்டையில வெள்ளையா ஒரு மண்டபம். குனிஞ்சு உள்ளே போனா, எழுத்து வெட்டின கறுப்புப் பலகை. யாரும் இல்லாத நேரமாப் பாத்து கையை வெச்சேன். ஜில்லுனு இருந்தது, தர்காவுக்குள்ள இருந்த மாதிரியே.

நண்பன் ஒரு நிமிஷம் உத்துப் பாத்துட்டுச் சொன்னான்... "இந்தக் கல்லு மேல உக்காந்துதானலே அன்னைக்கு டீ குடிச்சோம்!"